திரையில் 48 மீட்டர், தரைக்கு மேல் எத்தனை?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ஓமலூர் பக்கத்து மண்டபங்களில் முகூர்த்த நாளில் பறக்கும் ஹெலிகேம்கள், அதாவது கேமரா ட்ரோன்கள், காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்கு வந்து போகும் சின்ன விமானங்களுக்கு ஆபத்து என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். கோபமாகவும் கவலையாகவும் இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கேள்விகளுக்கே. பல வருடம் பயிற்சி விமானத்தில் மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகவே விமானி பக்கம் நின்றுதான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். என் ஹெலிகேம் 249 கிராம்தான். 250 கிராமுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நீங்கள் வேறு மாதிரி எழுதுகிறீர்களே?
– வீடியோகிராபர், அம்மாபேட்டை

விற்றவர் சொன்னதில் முதல் பாதி சரி. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளது நானோ வகை, அதை ஓட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, அதைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு தொழிலாகச் செய்தால் வேண்டும். ஆனால் "எங்கே வேண்டுமானாலும்" என்ற மீதிப் பாதி முழுத் தவறு. எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்கிற கட்டுப்பாடு எடை பார்த்து வருவதில்லை, 249 கிராமுக்கும் உண்டு, 24 கிலோவுக்கும் உண்டு.

கணக்கு இதுதான். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் 200 அடி, அதாவது 60 மீட்டர் வரை பச்சை மண்டலம், அனுமதி கேட்காமல் பறக்கலாம். 12 கி.மீ. தாண்டிவிட்டால், வேறு தடை எதுவும் இல்லாத இடத்தில், 400 அடி வரை, 120 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கி.மீ.க்குள் இந்தச் சலுகை எதுவும் இல்லை. அது மஞ்சள் மண்டலம், அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், இன்னும் நெருங்கினால் சிவப்பு மண்டலம். நீங்கள் போகிற ஓமலூர் மண்டபங்கள் பல இந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. ட்ரோன்களுக்காக அரசு நடத்தும் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இந்தியா முழுவதற்கும் வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஆர்டர் பிடிக்கும்போதே மண்டபத்தின் இடத்தை அதில் வைத்துப் பார்த்துவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பு அன்று வாசலில் நின்று பார்த்தால் யாருக்கும் உதவாது.

இத்துனூண்டு பொருள் விமானத்தை என்ன செய்துவிடும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜனவரி 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்கக் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த தண்ணீர் விமானம் ஒன்றில் ட்ரோன் மோதியது. அது டி.ஜே.ஐ. மினி 3 ப்ரோ, உங்களுடையது மாதிரியே 249 கிராம் வகை. இடது இறக்கையில் ஏறக்குறைய 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. தீயணைக்கத் தவித்துக்கொண்டிருந்த ஊரில் அந்த விமானத்தைப் பழுது பார்க்க நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ட்ரோனை விட்டவர் கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல் நின்று தீயைப் பார்க்க ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். இரண்டரை கிலோமீட்டர் தூரம் அனுப்பிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தொலைத்துவிட்டார்.

இன்னொன்று, அதே மாடலுக்குப் பெரிய பேட்டரி போட்டால் 290 கிராம் ஆகிவிடும். கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று அதைப் போட்ட நிமிடமே நீங்கள் நானோ இல்லை, மைக்ரோ. கூலிக்கு எடுப்பதால் சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: என் மகள் விமானி ஆகப் படிக்கிறாள். செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தில் பயிற்சி. உங்கள் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பறவை மோதினால் தாங்குகிற விமானம் ட்ரோன் மோதினால் தாங்காதா?
– ஒரு தாய், சீலநாயக்கன்பட்டி

அம்மா, முதலில் மனதைத் தேற்றும் செய்தி. உங்கள் மகள் ஓட்டுகிற அதே செஸ்னா 172இல் ட்ரோன் மோதியும் அதில் இருந்த இருவரும் பத்திரமாக இறங்கிய சம்பவம் உண்டு. 2021 ஆகஸ்ட் 10, கனடாவில் டொராண்டோ பக்கம் பட்டன்வில் விமான நிலையம். ஒரு மாணவரும் ஆசிரியரும் தரையிறங்க வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்களின் ட்ரோன் ஒன்று 400 அடி உயரத்தில் அசையாமல் நின்றிருந்தது, அதில் போய் இடித்துவிட்டது விமானம். என்னமோ தட்டியது, பறவையாக இருக்கும் என்று நினைத்து இறங்கினார்கள். இறங்கிப் பார்த்தால் இன்ஜின் மூடி நசுங்கி, புரொப்பெல்லரிலும் அடி. ஒரு பெரிய ட்ரோன் முன்னால் நின்றும் இரண்டு ஜோடிக் கண்களுக்கும் அது தெரியவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

பறவையைத் தாங்கும் என்று சொன்னீர்கள் அல்லவா, அது பெரிய விமானத்துக்கு. சேலத்துக்கு வருகிற ஏ.டி.ஆர். மாதிரி பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, 1.8 கிலோ பறவை பறக்கும் வேகத்தில் மோதினாலும் உடைந்து உள்ளே வராது என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைக்கும். நாலு பேர் உட்காரும் செஸ்னாவுக்கு அப்படி ஒரு சோதனை விதிக்கப்படவே இல்லை. அதன் முன்கண்ணாடி அக்ரிலிக் தகடு. காற்றைத் தடுக்கத்தான் அது.

அப்புறம் பறவையும் ட்ரோனும் ஒரே எடை என்றாலும் அடி ஒன்றல்ல. பறவை சதையும் இறகும், மோதினால் சிதறிப் பரவும். ட்ரோனில் மோட்டார் இருக்கிறது, கேமரா இருக்கிறது, செங்கல் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, இவை சிதறுவதில்லை, துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. 2018இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ட்ரோனை மணிக்கு சுமார் 380 கி.மீ. வேகத்தில் ஒரு சின்ன விமானத்தின் இறக்கையில் ஏவினார்கள். அது இறக்கையின் முன்தகட்டைக் கிழித்து உள்ளே போய், இறக்கையைத் தாங்குகிற முக்கிய உத்திரத்திலேயே அடித்தது. அவ்வளவு வேகத்தில் நிஜத்தில் மோதாது என்று ட்ரோன் கம்பெனி சண்டைக்கு வந்தது, அதில் நியாயமும் உண்டு, தரையிறங்கும் செஸ்னாவின் வேகம் அதில் பாதிகூட இருக்காது. வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால் பங்காகிவிடும். அதனால் ட்ரோன் பட்டாலே விமானம் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் பட்டால் என்ன ஆகும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: தரையிறங்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று. "பாதி நேரம் வெளியே" என்று சொன்னால் போதாது, முக்கால் நேரம் வெளியே இருக்க வேண்டும். அதற்கு மேல் அவளைப் பறக்க விடுங்கள். நல்ல தொழில் அது.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் மாதம் ஒருமுறை ஏற்காடு போவோம். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் இரண்டு இடத்திலும் ட்ரோன் விடுவேன். 50 மீட்டருக்கு மேல் ஏற்றியதே இல்லை. விமான நிலையமும் ரொம்ப தூரம். சட்டப்படிதானே செய்கிறேன்?
– பொறியியல் மாணவர், சூரமங்கலம்

தம்பி, இந்த இதழிலேயே எனக்கு முக்கியமான கேள்வி உன்னுடையதுதான். நீ வேண்டுமென்றே தப்புச் செய்யவில்லை, அது உன் கேள்வியிலேயே தெரிகிறது. தப்பு உன் கையில் இருக்கும் திரையில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்றிருந்தேன். மிளகாய் பஜ்ஜிக் கடைகளில் கூட்டம், கீழே சேலம் ஊர் விளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகிற நேரம். உன் வயசுப் பையன் ஒருவன் கைப்பிடிச் சுவர் பக்கத்தில் உட்கார்ந்து ட்ரோனின் நாலு கையையும் விரித்து, கேமராவின் மூடியைக் கழற்றி, செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு ரொம்பப் பக்தியோடு கிளப்பினான். தேனீக்கூட்டம் கலைந்த மாதிரி சத்தம். நேரே சுவரைத் தாண்டிப் பள்ளத்தின் மேல் போனது, கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையைக் காட்டச் சொன்னேன். தூரம் 900 மீட்டர், உயரம் 48 மீட்டர்.

"அம்பது மீட்டர்கூட இல்லீங்க சார்" என்றான்.

"கேமராவை நேராகக் கீழே திருப்பு தம்பி" என்றேன். திருப்பினான். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்று தெரிந்தது, அதில் ஒரு பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பேருந்து அரிசி மணி அளவுக்கு இருந்தது. 48 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் பேருந்தின் கூரையில் கட்டியிருக்கும் மூட்டையை எண்ணலாம். பையன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ட்ரோன் காட்டும் உயரம், நீ அதை எங்கிருந்து கிளப்பினாயோ அந்த இடத்திலிருந்து. சுவர் பக்கம் நீ நிற்கிற இடம்தான் அதற்குப் பூஜ்ஜியம். சட்டம் சொல்கிற 120 மீட்டர், ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து. சமவெளியில் இரண்டும் ஒன்று. அயோத்தியாப்பட்டணத்துக் காட்டில் நின்று விட்டால் வித்தியாசமே வராது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது, சேலம் ஊர் 300 மீட்டருக்குள். சுவரைத் தாண்டியதும் ட்ரோன் அதே மட்டத்தில் போகிறது, தரை மட்டும் காலடியிலிருந்து நழுவி இறங்கிக்கொண்டே போகிறது. கொஞ்ச தூரத்திலேயே 120 மீட்டர் எல்லையைத் தாண்டிவிடுகிறாய், அடிவாரம் வரை அனுப்பினால் தரைக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகம். திரை மட்டும் கடைசி வரை 48 என்றே சொல்லும். 120 மீட்டருக்கு மேல் ஏறாதபடி செட்டிங்கில் பூட்டு போட்டு வைத்திருந்தாலும் அந்தப் பூட்டும் கிளம்பிய இடத்திலிருந்தே அளக்கிறது.

சரி, அந்த உயரத்தில் யார் வருவார்கள்? விமானிதான். பயிற்சி விமானத்தில் வேகத்தைக் குறைத்து, விமானம் தொய்ந்து விழப் பார்க்கும்போது மீட்டெடுப்பது எப்படி என்று பழக்குவோம். தவறினாலும் சமாளிக்க இடம் வேண்டும் என்பதற்காக அதை மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்தில்தான் செய்வோம். சேலம் சமவெளி ஏற்கெனவே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி. கூட்டிப் பார், ஏற்காட்டு விளிம்பின் உயரம் வந்துவிடுகிறது. லேடீஸ் சீட்டிலிருந்து விமான நிலையம் நேர்கோட்டில் 15 கி.மீ. அளவுதான். உனக்கு ரொம்ப தூரம், நான் ஓட்டிய மாதிரி விமானத்துக்கு ஐந்து நிமிடம். அதிலும் விமானி பார்க்கும் உயரமானி கடல் மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக் காட்டும், உன்னுடையது பஜ்ஜிக் கடையைப் பூஜ்ஜியமாக வைத்து. நீங்கள் இருவரும் எதிரெதிரே ஒரே மட்டத்தில் இருக்கலாம், அவர் திரையில் 4,800 அடி, உன் திரையில் 48 மீட்டர்.

தரையை ஒட்டிய 400 அடி உங்களுக்கு, 500 அடிக்கு மேல் எங்களுக்கு என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படையே. ஊர்ப்புறத்துக்கு வெளியே, ஏறி இறங்கும் நேரம் தவிர, 500 அடிக்குக் கீழே விமானம் வரக் கூடாது. நடுவில் இருப்பது வெறும் 100 அடி, அந்த இடைவெளியை நம்பித்தான் விமானி தைரியமாகப் பறக்கிறார். மலை விளிம்பில் அந்த இடைவெளியே இல்லாமல் போகிறது, அது போனது உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதனால் ஏற்காட்டில் பறக்கவிடாதே என்று சொல்லவில்லை. மேட்டு நிலத்தின் மேலேயே சுற்று. விளிம்பைத் தாண்டினால் சரிவோடு சேர்ந்து இறக்கு, பக்கத்திலிருக்கும் மரங்களின் உச்சி உன் ட்ரோனுக்கு எப்போதும் அருகில் இருக்கட்டும். கண்ணால் பார்க்க முடிகிற தூரத்துக்கு மேல் அனுப்பாதே, ஏற்காட்டு மூடுபனி எந்த நிமிடம் வரும் என்று உனக்கே தெரியும். சிக்னல் போனால் தானாகத் திரும்புவதற்கு எத்தனை மீட்டர் ஏறும் என்று வைத்திருக்கிறாய், அதையும் பார்த்துக்கொள், பனிக்குள் தானாக 100 மீட்டர் ஏறிக்கொண்டு வரும் ட்ரோனை யாராலும் பிடிக்க முடியாது. காப்புக்காடாக இருந்தால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

கேள்வி: மரவள்ளிக்கு மருந்து தெளிக்க ட்ரோன்காரரைக் கூப்பிடுகிறேன். என் தோட்டத்துக்கு மேல் அடிக்கடி விமானம் தாழ்வாகப் போகிறது. பிரச்சினை வருமா?
– விவசாயி, காடையாம்பட்டி

தெளிப்பு ட்ரோன் பயிருக்கு மேல் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரத்தில் வேலை செய்வது. தோட்டத்துத் தென்னையைக்கூடத் தாண்டாது. எனக்கு அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஆனால் 8 கி.மீ. வட்டத்துக்குள் நிலம் இருந்தால், எவ்வளவு தாழ்வாகப் பறந்தாலும் அனுமதி வேண்டும், அதை வாங்க வேண்டியது ட்ரோன்காரர். அவரிடம் ஓட்டுநர் சான்றிதழும் ட்ரோனின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விமானச் சத்தம் கேட்டால் தெளிப்பை நிறுத்தி இறக்கிவிடச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

கேள்வி: ஐயா, நான் மாணவ விமானி. ட்ரோன் எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் தெளிவாக இல்லை. கண்ணில் பட்டால் தப்பிக்க முடியாதா?
– மாணவ விமானி, சேலம்

கண்ணில் பட்டால் தப்பிக்கலாம், படுவதுதான் கஷ்டம். ஒரு பொருளைப் பார்த்து, என்னவென்று புரிந்து, மோதப் போகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை விமானிகளுக்குக் கொடுக்கும் கணக்கு. நீ 100 நாட், அதாவது மணிக்கு சுமார் 185 கி.மீ. வேகத்தில் போனால் அந்த நேரத்தில் 640 மீட்டர் கடந்திருப்பாய். ஆக, 640 மீட்டர் தள்ளியே உனக்கு ட்ரோன் தெரிந்தாக வேண்டும். ஒரு அடிக்குச் சற்று அதிகமான ட்ரோன் அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும் தெரியுமா? ஒரு ரூபாய்க் காசை 40 மீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் பார், அப்படி. அதுவும் காசு பளபளக்கும், ட்ரோன் சாம்பல் நிறம். பின்னால் சேர்வராயன் மலையின் பச்சை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், மோதப் போகிற பொருள் கண்ணாடியில் நகராது. பக்கவாட்டில் நகர்கிறது என்றால் அது உன்னைக் கடந்து போய்விடும். ஒரே இடத்தில் அழுக்குப் புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டு, திடீரென்று பெரிதாகிறதே, அதுதான் உன்னை நோக்கி வருவது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறு என்று உன் ஆசிரியர் கத்துவது இதற்காகத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். மாணவர் ஓட்டிக்கொண்டிருந்தார், இறங்குவதற்கு நேர்கோட்டில் வந்துவிட்டோம், ஓடுபாதை முனைக்கு 2 கி.மீ. இருக்கும். அந்த இடத்தில் விமானம் ஏறத்தாழ 400 அடியில் இருக்கும், அதாவது ட்ரோன்காரர்களின் வானத்துக்குள்ளேயே நாம் இறங்கிவந்தாயிற்று. இடப்பக்கம் கருப்பாக ஒன்று. பருந்து என்றே நினைத்தேன். பருந்து என்றால் கடைசி நிமிடத்தில் சிறகை மடக்கிக் கீழே பாயும், அதனால் பறவையைக் கண்டால் நாங்கள் மேலே ஏற்றுவோம். இது மடக்கவில்லை, பாயவில்லை, ஒதுங்கவும் இல்லை. வானத்தில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி நின்றது. இறக்கை நுனிக்குப் பக்கத்தில் கடந்துபோகும்போது நாலு கையும் கீழே தொங்கிய கேமராவும் தெளிவாகத் தெரிந்தன. மாணவர் பார்க்கவே இல்லை. இறங்கியபின் என் கை நடுங்கியதை அவர் பார்த்தார். அன்றைக்கு நான் அதை எழுத்தில் கொடுக்கவில்லை, மோதவில்லையே என்று விட்டுவிட்டேன். அது தவறு, இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: தரையிறங்கும் விளக்கை விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கும்போதெல்லாம் எரியவிடு, உன்னை ட்ரோன்காரர் பார்க்க அது உதவும். தெரிந்தால் திரும்பி ஒதுங்கு, ஆனால் இறங்கும் வேகத்தில் செங்குத்தாகச் சாய்க்காதே, ட்ரோனுக்குத் தப்பித்து விமானத்தைத் தொய்யவிட்டால் அது இதைவிட மோசம். சந்தேகம் இருந்தால் இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வா. உடனே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இடமும் உயரமும் சொல், பின்னால் வருகிறவருக்கு அது உயிர். தட்டிய சத்தம் கேட்டால் பறவை என்று முடிவு கட்டாதே, இறங்கி இன்ஜினை நிறுத்திவிட்டு இறக்கை முழுக்கக் கையால் தடவிப் பார். மோதாவிட்டாலும் எழுதிக் கொடு.

கேள்வி: வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, அனுமதிக்கு அலைச்சல், அபராதம் ஒரு லட்சம் வரை. கேமரா வைத்துப் பிழைப்பவனை ஏன் எல்லோரும் குற்றவாளி ஆக்குகிறீர்கள்?
– கேமராக் கடை நடத்துபவர், ஐந்து ரோடு

உங்கள் கோபத்தில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். முன்பு விமான நிலையத்திலிருந்து 45 கி.மீ. வரை மஞ்சள் மண்டலமாக இருந்ததை 2021இல் 12 கி.மீ. ஆகக் குறைத்தது நல்ல காரியம், சேலம் நகரத்தின் பெரும்பகுதிக்கு அதனால் மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனால் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடுத்த பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கல்யாணங்களில் அதே வெளிநாட்டு ட்ரோன்கள்தான் பறக்கின்றன, பெட்டிக்குள் துணி சுற்றி வந்தவை. பில் இல்லை, ஆகவே பதிவு எண் கிடைக்காது. பதிவு இல்லாதவர் அனுமதி கேட்கப் போனால் மாட்டிக்கொள்வார், அதனால் கேட்பதில்லை. கடைசியில் கோபுரத்தில் இருப்பவருக்கு வானத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகிறது. நஷ்டம் விமானிக்கு.

2020 ஜனவரியில் ஒன்றிய அரசு, கையில் ட்ரோன் வைத்திருப்பவர்கள் தாமாக வந்து விவரம் கொடுங்கள் என்று இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தது. அந்த மாதிரி இன்னொரு முறை, இரண்டு வாரமாக இல்லாமல் தாராளமாக, கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கிருந்து வந்தது என்று துருவாமல் எண் கொடுங்கள், எண் ஒட்டிய ட்ரோன் அனுமதி கேட்கத் தயங்காது. அடுத்தது, ட்ரோன் தான் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் வசதி. அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து ரிமோட் ஐடி என்று அதைக் கட்டாயமாக அமலாக்குகிறார்கள். நம் 2021 விதிகளிலும் இருப்பிடம் சொல்லும் கருவியைப் பின்னால் கட்டாயமாக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறார்கள். எடை குறைந்ததற்கும் அது வர வேண்டும், ஏன் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் இறக்கையே சாட்சி.

மூன்றாவது, வரைபடம் தட்டையாக இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிக் காம்பஸ் வைத்து வட்டம் போட்டிருக்கிறார்கள். மலை விளிம்புக்குத் தனிக் குறிப்பு வேண்டும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் உச்சி, இந்த மூன்று இடத்திலாவது "திரை காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், விளிம்பைத் தாண்ட வேண்டாம்" என்று தமிழில் ஒரு பலகை வைக்கலாம். மே மாதக் கோடை விழாவுக்கு முன் வைத்தால் ரொம்ப நல்லது.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஆள் ஏறிய விமானத்துக்குத்தான் முதல் வழி, ட்ரோன்தான் ஒதுங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதில் பேரம் கிடையாது. ஒதுங்கத் தெரியாதவருக்கு விற்கும்போது கடைக்காரராக நீங்களும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டுக்கு மேல் இரவில் ட்ரோன் பறக்கிறது. யாரிடம் சொல்வது? கல்லால் அடிக்கலாமா?
– காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

அடிக்காதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். மாசி, பங்குனியில் உங்கள் தோட்டத்துச் சருகில் அப்படி ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படையின் எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் மொண்டு ஊற்றியது. சேர்வராயன் மலைக்கும் ஒருநாள் அப்படி வர வேண்டியிருக்கலாம், அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க ஒரே ஒரு ட்ரோன் ஏறினாலும் ஹெலிகாப்டர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே இறங்கியது, மணி என்ன, எத்தனை விளக்கு, என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஏற்காடு காவல் நிலையத்தில் கொடுங்கள். அவசரம் என்றால் 112. ட்ரோனைத் துரத்திக்கொண்டு இருட்டில் ஓட வேண்டாம், அது பேட்டரி தீர்ந்து அரை மணி நேரத்துக்குள் எப்படியும் தன் ஆளிடம்தான் திரும்பும். அது இறங்குகிற இடத்தைப் பார்த்து வைத்தால் போதும்.